பேரமும் கொசுறும்

ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் எங்கே அழைத்துச் செல்வது? பாங்காக்கில் வாழும் எங்களுக்கு உடனே நினைவுக்கு வருவது, வாரயிறுதியில் கூடும் சத்துசாக் சந்தைதான். கடைக்காரப் பெண்மணி கணிப்பானில் விலையைத் தட்டிக் காட்டுவார். அம்மா அதை மனத்துக்குள் ரூபாயாக்கி, "பாதிக்குக் கேள்" என்பார். மொழிபெயர்க்க வேண்டிய நாங்களோ கூச்சத்தில் குறுகிப்போவோம். சொன்ன விலையையே கொடுத்துவிட்டு, பாதிக்கு முடிந்தது என்று அம்மாவிடம் பொய் சொன்னவர்களும் எங்களில் உண்டு.

இந்தப் பொய் இருவரையுமே அவமதிக்கிறது என்பது எங்கள் எண்ணம். பேரம் கஞ்சத்தனமன்று. மொராக்கோவின் செஃப்ரூ நகரச் சந்தையை ஆராய்ந்த மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ், 1978-இல் எழுதிய கட்டுரையில், சந்தையில் அரிதாக இருப்பது நம்பகமான தகவலே என்றார். பலரிடம் மேலோட்டமாக விசாரிப்பதைவிட, பழகிய சிலரிடம் துருவிக் கேட்பதே அங்கு பயன் தருகிறது. ஊரில் கீரைக்காரம்மாவிடம் அம்மா முப்பதாண்டுகளாகச் செய்துவருவதும் அதுவே. விலை படிந்தபின் கொசுறாகக் கறிவேப்பிலை வரும்; கூடவே நலம் விசாரிப்பும் வரும்.

ஆயிரக்கணக்கான கடைகளுக்கு நடுவே ஒரே பிற்பகலில் அந்த உறவு கிட்டாது. ஆகவே அம்மாவைத் தெருமுனைக் காய்கறிச் சந்தைக்கு, நாள்தோறும், ஒரே கடைக்கு அழைத்துச் செல்வோம். கொசுறுக்குத் தாய்லாந்து மொழியிலும் 'தேம்' என்றொரு சொல் உண்டு. அதை மட்டும் அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, நாம் சற்று விலகி நிற்கலாம்.