சேற்றுப்புண்ணும் ஒரு மணி நேர டெஸ்டும்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ஒரு வாரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தவன், அவ்ளோதான்.

மாமாவுக்குப் பாபநாசம் பக்கம் ஆறு மா நிலம், பத்து வருஷ சுகர். போன சம்பா நடவு முடிஞ்ச கையோட காய்ச்சல். விரலிடுக்கில் சேற்றுப்புண், வழக்கம்போல மஞ்சளும் எண்ணெயும். மூணாம் நாள் பேச்சு குழறவும் டவுனுக்குத் தூக்கிட்டு ஓடினோம்.

பிளட் கல்ச்சர் எடுத்தாங்க. பாட்டிலில் கிருமி வளர ரெண்டு நாள், பேர் கண்டுபிடிக்க இன்னும் ரெண்டு நாள். வந்த பேர் சூடோமோனாஸ். அதுக்கேத்த மாதிரி மருந்தை மாத்தினாங்க, அதில் ஜென்டாமைசினும் ஒண்ணு. ஆறாம் நாள்தான் அது சூடோமோனாஸே இல்லைன்னு தெரிஞ்சது. பர்க்கோல்டேரியா சூடோமலை. நோய் மெலியாய்டோசிஸ். ஈர மண்ணுல வாழ்ற கிருமி. புண் வழியா உள்ளே போகும், சுகர்காரங்களைத்தான் அதிகமாப் பிடிக்கும். ஜென்டாமைசினைப் பொதுவா மதிக்கவே மதிக்காது.

புதுசும் இல்லை. 1911-ல் ரங்கூனில் விட்மோரும் உதவியாளர் கிருஷ்ணசாமியும் (ஆமா, கிருஷ்ணசாமிதான்) கண்டுபிடிச்சது. வருஷத்துக்கு உலகத்துல 1,65,000 பேர், 89,000 சாவுன்னு 2016-ல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் 44 சதவீதம் தெற்காசியா.

"இப்பல்லாம் ஒரு மணி நேரத்துல மாலிக்யூலர் டெஸ்ட்ல தெரிஞ்சுடுமே"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நானும் ஆசையாத் தேடினேன். கல்ச்சர் பாட்டிலில் கிருமி வளர்ந்ததும் அதில் ஒரு துளி போட்டா, 43 இலக்குகளைச் சுமார் ஒரு மணி நேரத்தில் பார்க்கிற பயோஃபயர் பேனல் இருக்கு. அருமையான சமாச்சாரம். ஆனா அந்தப் பட்டியலில் இந்தக் கிருமி கிடையாது! எங்கேயோ உள்ள ஐ.சி.யு.வுக்குப் போட்ட பட்டியல். அதில் ஒண்ணும் வரலைன்னா கிருமியே இல்லைன்னு அர்த்தமில்லை.

அதனால என் கட்சி இது. வேகமான டெஸ்ட் கட்டாயம் வேணும், ஆனா நம்ம வயலைத் தெரிஞ்ச டெஸ்டா வேணும். இந்தக் கிருமிக்கே உரிய டி.டி.எஸ்.1 மரபணுவை வச்சு பி.சி.ஆர். பண்ணலாம். டி.பி.க்கு ஓட்டின ட்ரூநாட் மெஷினில் 2020-ல் சிப்பை மாத்தி கொரோனா பார்க்கலையா? அந்த மாதிரி இதுக்கும் ஒரு சிப் டெல்டா ஆஸ்பத்திரிகளில் இருக்கணும். ரத்தத்திலிருந்து நேரடியாப் பார்த்தா நிறைய தப்பும், ரத்தத்தில் கிருமி அவ்வளவு கொஞ்சம். பாட்டிலில் வளர்ந்ததும் பார்க்கணும். கல்ச்சரைக் கைவிட முடியாது.

சிப் வர்ற வரைக்கும்? ஆக்ஸிடேஸ் பாசிட்டிவா, ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காம, ஆக்மென்டினுக்கு அடங்குற கிராம் நெகட்டிவ் கிருமின்னா இதுவா இருக்குமோன்னு சந்தேகப்படணும். மூணு சின்ன டிஸ்க், அவ்வளவுதான் செலவு. நடவு சீசன், சுகர், சேற்றுப்புண்: இந்த மூணையும் டாக்டர் லேபுக்கு ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தா எங்களுக்கு ரெண்டு நாளாவது மிஞ்சியிருக்கும்.

மாமா பிழைச்சுட்டார். ரெண்டு வாரம் ஊசி, அப்புறம் மூணு மாசம் மாத்திரை. அத்தை ரப்பர் பூட்ஸ் வாங்கி வச்சிருக்காங்க. சேத்துல நாலு அடி வச்சா பூட்ஸ் அங்கேயே நின்னுடுது, கால் மட்டும்தான் வெளிய வருதாம்.