நல்ல காரியத்துக்குத்தானே!

விருதுநகர், சிவகாசிப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போகிறவர்களில் பலர் கிண்டியிலுள்ள காமராஜர் நினைவாலயத்தை எட்டிப் பார்ப்பதுண்டு. நம் ஊர்ப் பிள்ளை அல்லவா! கும்பிட்டுவிட்டு, குழந்தைகளுக்கு மானையும் பாம்பையும் காட்டிவிட்டு, ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். சுற்றியுள்ள மரங்களை யார் கவனிக்கிறார்கள்? ஆனால் அந்த மரங்களின் கதை நம் பெண்களுக்கு நன்றாகப் புரியும். குடித்தனக் கதைதான் அது.

கிண்டித் தோட்டத்தை 1821-ல் அரசாங்கம் கில்பர்ட் ரோடெரிக்ஸ் என்பவரிடமிருந்து 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910-ல் அங்கே சுமார் 505 ஹெக்டேர் காப்புக் காடாயிற்று. பிறகு ஒவ்வொருவராக வாசலில் வந்து நின்றார்கள். குழந்தைகள் பூங்காவுக்குக் கொஞ்சம் இடம். 1956-ல் திறந்த காந்தி மண்டபத்துக்குக் கொஞ்சம். 1959-ல் தொடங்கிய ஐ.ஐ.டி.க்குப் பெரிய பங்கு, ராஜாஜி நினைவாலயத்துக்கு, 1975-ல் மறைந்த நம் காமராஜருக்கும்.

இதில் எதைத் தப்பு என்று சொல்வீர்கள்? எல்லாம் நல்ல காரியம்தான். அரிசிப் பானையை எலி உருட்டினால் விரட்டுவோம். விருந்தாளிக்கு என்று கைப்பிடி கைப்பிடியாய் எடுத்தால் யாரும் தடுப்பதில்லை. ஒரு நாள் பார்த்தால் பானை பாதிதான் இருக்கிறது! கிண்டியிலும் அப்படித்தான். 1978-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது மிஞ்சியது சுமார் 270 ஹெக்டேர். அன்றைக்குப் பானைக்கு மூடி போட்டார்கள். அதனால்தான் இன்றைக்கு நகரத்தின் நடுவே நரியும் மரநாயும் வாழ்கின்றன.

மூடி போட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. காட்டைக் காப்பது என்றால், மந்திரி வந்து ஒரு கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். கிண்டிக் காட்டின் சொந்தக் குடிகள் காட்டெலுமிச்சை, விளா போன்ற மரம் செடிகள். வெளியிலிருந்து வந்த கள்ளியும் கொடியும் சீமைக் கருவேலும் அவற்றின் மேல் ஏறிக்கொண்டால், பார்த்துப் பார்த்துக் களைய வேண்டும். ஒரு முறை களைந்தால் போதாது, மறுபடியும் முளைக்கும். மரநாயும் பறவைகளும் பழத்தைத் தின்று போடும் விதை முளைக்கக் காத்திருக்க வேண்டும். இன்னொரு விசேஷம்: வெளிமானுக்கு மேயவும் ஓடவும் திறந்த புல்வெளி அவசியம். ஆகவே அங்கே போலோ மைதானம் என்னும் புல்வெளியில் மரம் நடாமல் இருப்பதும் ஒரு பராமரிப்புத்தான்! இத்தனையும் செய்து வரும்போது, 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் வந்து ஏராளமான மரங்களைச் சாய்த்துவிட்டது. வளர்க்க ஐம்பது வருஷம். விழ ஒரு பகல்.

சென்னைக் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? மழை குறைந்த வறண்ட சீமை என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் நம்மிடம் தழைத்தன. அதே காரணத்தால் இங்கே ஒரு மரம் நிழல் தருவதற்குள் நம் பிள்ளைக்குக் கல்யாணமாகிவிடும். அப்படிப்பட்ட ஊரில் பாட்டன் காலத்து மரங்கள் எங்கே மிஞ்சியிருக்கின்றன? பெரும்பாலும் குலதெய்வக் கோயிலைச் சுற்றித்தான். சுள்ளி ஒடித்தாலே சாமி குற்றம் என்று நம் முன்னோர் வைத்த பயம், வனத்துறைக்கு முந்திய காவல்.

இப்போது அங்கேயும் விருந்தாளிகள் வருகிறார்கள். சமையல் கொட்டகை, சிமெண்டுத் தளம், வண்டி நிறுத்த இடம், ஒரு மண்டபம்... "நல்ல காரியத்துக்குத்தானே!" என்று ஒவ்வொரு தடவையும் ஒரு மரம் போகிறது. ஓரத்தில் சீமைக் கருவேல் நுழைகிறது. அதன் நெற்றை ஆடு மாடு தின்று, சாணத்தோடு விதைத்துவிடும். மேலோடு வெட்டினால் அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் வேம்பும் விளாவும் வைத்து, வேலி கட்டி, இரண்டு மூன்று கோடையாவது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கோயில் வரி கொடுப்பது ஆண்கள் பேரில் இருக்கலாம். பணம் எடுத்துக் கொடுப்பது நீங்கள்தானே? அடுத்த முறை வரி கேட்டு வருகிறவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "இந்த வேலைக்கு எத்தனை மரம் போகிறது? வைக்கிற கன்றுக்குச் சித்திரையில் தண்ணீர் ஊற்றப் போவது யார்?" இரண்டாவது கேள்விக்கு ஓர் ஆளின் பெயர் பதிலாக வரும் வரையில் முந்தானை முடிச்சை அவிழ்க்காதீர்கள்!