முதல் வேட்டையும் முந்நூறு அங்குலமும்

அமெரிக்காவின் மேற்கு மாகாணங்களில் செப்டம்பர் மாதம் பிறந்துவிட்டால் வேட்டைப் பத்திரிகைகளில் ஒரே மாதிரியான படங்கள் வரத் தொடங்கும். மலைச்சரிவில் ஒரு பெரிய மான் சாய்ந்து கிடக்கும். அதன் பின்னால் ஒரு கனவான் மண்டியிட்டு, மரக்கிளைகள் போல விரிந்த கொம்புகளை இரு கைகளாலும் தாங்கிக்கொண்டு புன்னகை புரிவார். படத்தின் கீழே ஊர்ப் பெயர் இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இல்லை. ஓர் எண் மட்டும் தவறாது இருக்கும். 360 என்றோ 380 என்றோ போட்டிருப்பார்கள். இந்தப் படங்களைப் பார்த்தே வளர்ந்த ஓர் இளைஞன் முதன்முதலாகத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கொலராடோ மலைகளில் ஏறும்போது, அவன் மனத்தில் எந்த எண் குடியிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று.

அந்த எண்ணைப் பற்றியே இவ்வாரம் எழுதுகிறோம். நம் தேசத்தில் 1972-ஆம் வருஷத்துச் சட்டம் வேட்டையின் கதவைச் சாத்திவிட்டது. சாத்தியது நல்லதே என்பது நம் கட்சி. ஆனால் விலங்கைக் கொன்று, கொம்பை அளந்து, புத்தகத்தில் பதிவது நமக்குப் புதிய செய்தியன்று. நம் காடுகளில் சுட்ட துரைமார்களும், அவர்களைப் பார்த்துத் தாமும் சுட்ட மகாராஜாக்கள் சிலரும், லண்டனில் ரோலண்டு வார்டு 1892 முதல் வெளியிட்டு வந்த அளவுப் பதிவேட்டில் தங்கள் பெயர் ஏறுவதைப் பெரும் பேறாக எண்ணினர். இந்த மோகம் அமெரிக்காவில் எப்படி வேலை செய்கிறது, முதன்முறை போகிறவன் அதில் எவ்வளவை நம்பலாம் என்று பார்ப்போம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் 'எல்க்' என்றால் அகன்ற கொம்புடைய வேறொரு பெரிய மான். அமெரிக்கர் அதை 'மூஸ்' என்பர். இலங்கைக்கு வந்த வெள்ளைக்காரர்களோ நம் கடமானுக்கே 'எல்க்' என்று பெயர் சூட்டிவிட்டனர். நுவரெலியாவில் நாய்களை ஏவி வேட்டையாடிய ஸாமுவேல் பேக்கர் 1854-இல் வெளியிட்ட புத்தகத்தில் எல்க் என்று எழுதுவதெல்லாம் கடமானைத்தான். அமெரிக்க எல்க் இவ்விரண்டும் அன்று. ஷானி என்னும் பழங்குடியினர் அதை 'வாபிடி', அதாவது வெண்பிட்டம் உடையது, என்று அழைத்தனர். வளர்ந்த ஆண் சுமார் 700 ராத்தலும் பெண் சுமார் 500 ராத்தலும் நிறை இருக்கும். ஆண் மானைக் கலை என்றும் பெண் மானைப் பிணை என்றும் நம் முன்னோர் வழங்கினர். அச்சொற்களையே இங்கும் வைத்துக்கொள்வோம்.

கலையின் கொம்பு மாட்டுக் கொம்பைப் போல ஆயுள் முழுவதும் நிற்பதன்று. ஆண்டுதோறும் மார்ச்சு, ஏப்ரல் வாக்கில் அது உதிர்ந்துவிடும். உடனே புதிதாக முளைவிட்டு, மெல்லிய தோல் போர்த்து வளர்ந்து, ஆகஸ்டு மாதத்தில் தோலுரிந்து முற்றிவிடும். பெரிய கலையொன்று 40 ராத்தல் வரை எலும்பை நான்கைந்து மாதங்களில் தலைமேல் கட்டி, மறு வருஷம் அதைக் காட்டில் எறிந்துவிட்டு மீண்டும் தொடங்குகிறது. ஒரு வயதைக் கடந்த கலைக்குக் கிளையில்லாத இரண்டு குச்சிகள்தாம். அடுத்த இரண்டு மூன்று வருஷங்களில் மெலிந்த நான்கு, ஐந்து கிளைகள் தோன்றும். பக்கத்துக்கு ஆறு கிளை என்பது வளர்ந்த கலையின் இலக்கணம். ஆனால் அந்த ஆறும் தடித்து நீண்டு உச்ச நிலையை அடைய எட்டு வயதுக்கு மேலாகும்.

இனி எண்ணுக்கு வருவோம். தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் நிறுவிய பூன் அண்டு கிராக்கெட் சங்கம் 1950-இல் ஏற்றுக்கொண்ட முறைப்படியே கொம்புகள் அளக்கப்படுகின்றன. இரு பக்கத்துத் தண்டுகளின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், பக்கத்துக்கு நான்கு இடங்களில் சுற்றளவு, தண்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி ஆகிய இவற்றையெல்லாம் அங்குலத்தில் கூட்ட வேண்டும். பின்பு இடமும் வலமும் ஒவ்வாத அளவுக்குக் கழிக்க வேண்டும். கொம்பு 60 நாள் உலர்ந்த பிறகே சங்கத்தின் அளவுகோல் அதைத் தொடும்.

பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஆறு கிளையுள்ள ஒரு கலைக்குத் தண்டு 45 அங்குலம். ஆறாவது கிளை என்பது தண்டின் நுனியே ஆதலால், அளக்க வேண்டிய கிளைகள் ஐந்து. அவை சேர்ந்து 62 அங்குலம். நான்கு சுற்றளவுகள் சேர்ந்து 25. ஆகப் பக்கத்துக்கு 132. இரு பக்கத்துக்கும் 264. நடு இடைவெளி 36 என்றால் மொத்தம் 300. தண்டு ஒன்றேகால் கஜம் நீண்டு, ஒவ்வொரு கிளையும் சராசரி ஓரடிக்கு மேல் இருந்து, இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒத்திருந்தால்தான் 300 வருகிறது. சங்கத்தின் நிரந்தரப் பதிவேட்டில் இடம் பெற, ஒழுங்கான அமைப்புள்ள கொம்புக்கு 375 வேண்டும்!

பதிவேட்டின் உச்சியில் இருக்கும் இரண்டு கொம்புகளின் வரலாறு வேடிக்கையானது. நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது, 1899-இல் கொலராடோவின் டார்க் கான்யன் பள்ளத்தாக்கில் ஜான் ப்ளூட் என்பவர் சுட்ட கலை. அளவு 442 3/8. மதுக்கடைப் பாக்கிக்கு ஈடாக அவர் அந்தத் தலையைக் கொடுத்துவிட்டார் என்று சொல்வார்கள். அதை முந்தியது 1968-இல் அரிஸோனாவின் வெண்மலைப் பகுதியில் வீழ்ந்த கலை. அளவு 442 5/8. கால் அங்குலந்தான் வித்தியாசம். அதுவும் கால் நூற்றாண்டுக்கு மேல் வெளியுலகம் அறியாமல் கிடந்து, பிறகே சங்கத்தாரின் கைக்கு வந்தது. சுட்டபோது எவர் மனத்திலும் பதிவேடு இருந்ததாகத் தெரியவில்லை.

இப்போது நம் இளைஞனைக் கவனிப்போம். அவனிடம் இருப்பது பொதுவான அனுமதிச் சீட்டு. போவது எல்லோருக்கும் உரிய பொது நிலம். உடன் வருவது வழிகாட்டியல்ல, அவனைப் போன்ற ஒரு சிநேகிதன். கொலராடோவில் எல்க் வேட்டைக்குச் செல்பவர்களில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு மானோடு திரும்புகிறார். அதில் பிணைகளும் அடக்கம். எனவே, எவ்வளவு பெரிய கொம்பை எதிர்பார்க்கலாம் என்று கேட்டால், நால்வருக்கு விடை பூஜ்யம். ஐந்தாமவருக்கு அகப்படுவது கலையானால், அது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வயதுள்ளது. நான்கைந்து கிளைகளோடு 180 முதல் 240 வரை நிற்கும். ஆறு கிளையுள்ள இளங்கலை 250-ஐ ஒட்டி வரலாம். பொது நிலத்தில் 300 என்றால் இருபது வருஷம் மலையேறியவரும் எழுந்து வந்து பார்ப்பார். 350-ஐத் துப்பாக்கி முனையில் ஒரு முறையும் காணாமலே ஓய்வு பெற்றுவிட்ட நல்ல வேட்டைக்காரர்கள் எத்தனையோ பேர். முதல் தேர்வுக்கு உட்காரும் பையனிடம் மாகாணத்திலேயே முதலாவதாக வா என்று சொல்லும் தகப்பனார்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். படத்திலுள்ள எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு மலையேறுகிறவன் தனக்குத் தானே அந்தத் தகப்பனாராகிவிடுகிறான்.

பெரிய கொம்பு ஏன் இவ்வளவு அரிது? சுடுகிறவன் கெட்டிக்காரனா, அல்லவா என்பது இதில் சிறு பங்கு. தீனியும் பரம்பரையும் ஓரளவு. மற்றதெல்லாம் வயது. எட்டு வருஷம் பிறர் துப்பாக்கிக்குத் தப்பிய கலைக்குத்தான் எட்டு வருஷத்துக் கொம்பு இருக்கும். எல்லோரும் சீட்டு வாங்கக்கூடிய பகுதியில் அந்த வயதை எட்டுவன மிகச் சில. கொலராடோவின் பெரும் பகுதிகளில், ஒரு பக்கத்தில் நான்கு கிளைகளாவது, அல்லது ஐந்து அங்குல நெற்றிக் கிளையாவது இல்லாத கலையைச் சுடலாகாது என்று விதி இருக்கிறது. அது ஒரு வயதுக் குஞ்சுகளைக் காக்கிறது. மறு வருஷம் அவை அதே துப்பாக்கிகளுக்கு முன் வந்து நிற்கின்றன. அரிஸோனாவிலும் யூட்டாவின் சில பகுதிகளிலும் முறை வேறு. குலுக்கலில் மிகச் சில சீட்டுகளே கொடுப்பார்கள். நல்ல பகுதிக்கு விண்ணப்பம் போட்டுப் பதினைந்து, இருபது வருஷம் காத்திருப்பவர் உண்டு. படங்களில் காணும் கொம்புகளில் பல அங்கே வந்தவை. இன்னும் சில, வேலியடைத்த தனியார் பண்ணைகளில் அங்குலத்துக்கு இவ்வளவு என்று விலை பேசி வந்தவை. அதை வேட்டை என்பதைவிடக் கொள்முதல் என்று சொல்வதே பொருந்தும்.

அரிஸோனாவின் செய்தி இன்னும் வியப்பானது. அங்கே முற்காலத்திலிருந்த எல்க் இனம் 1900-ஐ ஒட்டி அடியோடு அற்றுப்போயிற்று. 1913-இல் யெல்லோஸ்டோனிலிருந்து ரயிலேற்றிக் கொண்டுவந்து விட்ட மான்களின் வழியில் வந்தவையே இன்று அங்கு மேய்கின்றன. வெள்ளையர் குடியேறுமுன் அக்கண்டத்தில் ஒரு கோடி எல்க் இருந்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பு. இருபதாம் நூற்றாண்டு தொடங்கியபோது ஒரு லட்சத்துக்கும் குறைவு. இறைச்சி வியாபாரமும் தோல் வியாபாரமும் போதாவென்று, 'எல்க்ஸ்' என்ற சகோதரச் சங்கத்தார் கடிகாரச் சங்கிலியில் கோத்துக்கொள்ள அம்மானின் பல்லை விரும்பியதால், பல்லுக்காகவே கொன்று உடலை எறிந்துவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். இன்று சுமார் பத்து லட்சம். காட்டு விலங்கு அரசனுக்கோ ஜமீன்தாருக்கோ உடைமையன்று, மக்கள் அனைவர்க்கும் பொதுச் சொத்து, சர்க்கார் அதன் தர்மகர்த்தாதான் என்ற கொள்கை அங்கே வேரூன்றியதும், 1937-ஆம் வருஷத்துச் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரிப் பணம் விலங்குகளைக் காக்கச் செலவானதும் இதற்குப் பெருங்காரணங்கள். இங்கிலீஷ்காரர்களின் வேட்டை வழக்கத்தைக் கைவிட்டு அமெரிக்கர் தமக்கென ஒரு வழி கண்டனர் என்பதில் நமக்கு ஒரு திருப்தி.

ஆகவே புதியவன் வீட்டை விட்டுக் கிளம்புமுன்பே தீர்மானித்துவிட வேண்டியது ஒன்று உண்டு. சட்டத்துக்கு உட்பட்ட எந்தக் கலை கிடைத்தாலும் போதுமா? சீட்டு இடங்கொடுத்தால் பிணையும் போதுமா? முதல் வேட்டைக்கு இரண்டு கேள்விக்கும் ஆம் என்பதே நம் யோசனை. மலையேறிய பிறகு தீர்மானிக்கலாம் என்று விட்டுவிட்டால் வருவது விபரீதம். முதல் நாள் காலையில் ஐந்து கிளைக் கலை எண்பது கஜத்தில் வந்து நிற்கும். சிறிது என்று விட்டுவிடுவான். ஐந்தாம் நாள் மாலை, வெறுங்கையோடு திரும்பும் பயத்தில், ஐந்நூறு கஜத்துக்கு அப்பால் மரங்களுக்கிடையில் அசையும் ஒன்றை நோக்கிச் சுடுவான். அது அடிபட்டு ஓடி, இரவெல்லாம் எங்கோ கிடந்து சாகும். கடைசி நாளில் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வதை முதல் நாளில் தள்ளாதே என்று அங்குள்ள பழைய கைகள் சொல்வது இதைக் கண்டுதான்.

பெரிய கலைக்கு அடையாளம் வேண்டுமானால் கிளைகளை எண்ணிக்கொண்டிராமல் நான்காவது கிளையைப் பார்க்கச் சொல்வார்கள். முதிர்ந்த கலையில் பெரும்பாலும் அதுவே மற்றவற்றை மிஞ்சி வாள் போல நிற்கும். செப்டம்பரில் கலை தலையை அண்ணாந்து குழலூதுவது போலக் கூவும்போது, கொம்பின் நுனி பிட்டத்தை எட்டினால் தண்டு நீளம் என்று பொருள். ஆயினும் நெஞ்சு அடித்துக்கொள்ளும் நேரத்தில் இந்தக் கணக்கெல்லாம் யாருக்கு நினைவிருக்கும்? நூறு கஜத்திலிருந்து 320 என்று தோன்றிய கொம்பு, அருகில் நடந்து போவதற்குள் 260-ஆகச் சுருங்கிவிடுவது அங்கே எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் அனுபவம்.

சுட்ட பிறகுதான் பாரம் தொடங்குகிறது. ஒன்பதாயிரம், பத்தாயிரம் அடி உயரத்தில், மூச்சு வாங்கும் காற்றில், ஒரு கலையிலிருந்து சுமார் 200 ராத்தல் சுத்த இறைச்சி தேறும். குதிரை இல்லாதவர் அதை முதுகில் கட்டி நான்கைந்து நடையாக இறக்க வேண்டும். கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு இறைச்சியை விட்டுவிட்டு வருவது கொலராடோவில் கடுங்குற்றம். ஒரு குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுவதும் போதும் அந்த இறைச்சி, 200 அங்குலக் கலையிலும் 350 அங்குலக் கலையிலும் பெரிதாக வேறுபடுவதில்லை. முற்காலத்தில் கடிகாரச் சங்கிலிக்காக மானின் உயிரை வாங்கிய அந்தத் தந்தப் பல் இரண்டை, இன்றும் வேட்டைக்காரர்கள் மேல்தாடையிலிருந்து எடுத்து ஞாபகமாக வைத்துக்கொள்கிறார்கள். அவை கலைக்கு மட்டும் உரியவை அல்ல; பிணையின் வாயிலும் இருக்கின்றன.