இலுப்பைப்பூ அல்ல மெர்க்ஸ்

ஸ்லோவேனியாவின் டடேய் பொகாச்சார் மலைச்சாலையில் மற்றவர்களை உதறிவிட்டுத் தனியே போகும்போதெல்லாம் சைக்கிள் பந்தய வர்ணனையாளர்களுக்கு ஒரு பழைய பல்லவி நினைவுக்கு வந்துவிடும். பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் அள்ளிக் குவித்ததெல்லாம் போட்டியே இல்லாத காலத்திலாம். இன்றைக்கு அவர் களமிறங்கினால் பத்தோடு பதினொன்றாம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சொல்லாமல் சொல்கிறார்கள். ஜூலை பிறந்து டூர் டி பிரான்ஸ் தொடங்கினால் போதும், நேற்றுதான் கண்டுபிடித்தது போல இதை மறுபடியும் எடுத்து விடுகிறார்கள்.

ஊரில் ஆலை இருந்ததா இல்லையா என்று முதலில் பார்த்துவிடலாம். இத்தாலியின் ஃபெலிச்சே ஜிமோந்தி டூர், இத்தாலியச் சுற்றான கிரோ, ஸ்பெயின் சுற்றான வுவெல்டா மூன்றையும் வென்றவர். பெல்ஜியத்தின் ரோஜர் டி விளேமிங்க் ஐந்து பெரும் ஒருநாள் பந்தயங்களையும் வென்றவர். பாரிஸ்–ரூபேயை மட்டும் நான்கு முறை. நெதர்லாந்தின் யோப் ஸூட்டமெல்க் பின்னாளில் டூரை வென்று, 38 வயதில் உலகச் சாம்பியனும் ஆனார். இவர்களெல்லாம் மெர்க்ஸின் முதுகைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டியவர்கள். சொத்தைகள் என்றால் இவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

ஸ்பெயினின் லூயிஸ் ஒக்கான்யாவை வர்ணனையாளர்கள் மறந்தே போனார்கள். 1971 டூரில் ஓர்சியேர்–மெர்லெட் மலையேற்றத்தில் அவர் ஒரே நாளில் மெர்க்ஸை 8 நிமிடம் 42 விநாடி பின்னுக்குத் தள்ளினார். தோற்ற மனிதர் அடுத்த கட்டத்தில் என்ன செய்தார்? மார்செய் வரையிலான 251 கிலோமீட்டரில் கொடி அசைந்த கணத்திலேயே சக வீரர்களுடன் பாய்ந்தார். நாள் முழுக்க விரட்டியும் மீட்க முடிந்தது ஏறத்தாழ இரண்டு நிமிடம்தான். பிறகு மெந்தே கணவாயின் இறக்கத்தில், கொட்டும் மழையில், ஒக்கான்யா விழுந்து பந்தயத்தை விட்டே வெளியேறினார். மறுநாள் முன்னிலை வீரருக்குரிய மஞ்சள் பனியனை அணிய மெர்க்ஸ் மறுத்துவிட்டார். போட்டியே இல்லாதவர் நடந்துகொள்ளும் விதம் இது!

இன்று உலகமே பந்தயத்துக்கு வருகிறது, அன்று மேற்கு ஐரோப்பா மட்டும்தான் என்பது அடுத்த வாதம். உலகமே வந்தும் 2020 முதல் 2025 வரை டூரை வென்றவர்கள் இரண்டே பேர்.

ஊக்கமருந்துச் சோதனை அன்று பெயரளவுக்குத்தான் என்றும் சொல்வார்கள். 1969 கிரோவில் முன்னணியில் இருந்த மெர்க்ஸையே சவோனா நகரில் சோதனையைக் காட்டித்தான் வெளியேற்றினார்கள்.

இனி ஓட்டும் பாணி. தொலைவிலிருந்தே தாக்குதல் தொடுப்பது பொகாச்சாரின் கண்டுபிடிப்பு என்ற பேச்சு இப்போது பலமாக அடிபடுகிறது. 2024 ஸ்ட்ராடே பியாங்கே பந்தயத்தில் 81 கிலோமீட்டர் தனியோட்டம். அதே ஆண்டு ஜூரிக் உலகச் சாம்பியன் போட்டியில் 100 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போதே பாய்ச்சல். அசாத்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1969 ஃப்ளாண்டர்ஸ் பந்தயத்தில் மெர்க்ஸ் எழுபது கிலோமீட்டர் தனியே ஓட்டி, இரண்டாவதாக வந்த ஜிமோந்தியை ஐந்தரை நிமிடம் காக்க வைத்தார். அதே ஆண்டு டூரில் எட்டு நிமிடத்துக்கு மேல் முன்னிலை கையில் இருக்கும்போது, தூர்மாலே கணவாயிலிருந்து மூரென்ஸ் வரை ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தனியே போனார். தேவையே இல்லாத தாக்குதல். வென்றபின்னும் தாக்குகிறார் என்று இன்று பொகாச்சாரைப் பார்த்து வியப்பவர்கள் இதைத்தான் வியக்கிறார்கள், ஆள்தான் வேறு.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர்கள் நீட்டும் துருப்புச்சீட்டு வேகம். இன்றைய டூரின் சராசரி மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது, எனவே இன்றைய வீரரே மேல்! வண்டி, சக்கரம், தலைக்கவசம், உடை, சாலை எதுவுமே மாறவில்லை போலும்.

இதற்கான பதில் ஓடுதளத்திலேயே கிடைத்துவிட்டது. 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ நகரில் மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். பின்னால் வந்தவர்கள் வண்டியையும் உட்காரும் நிலையையும் மாற்றி மாற்றி அந்தச் சாதனையை எங்கோ கொண்டுபோனார்கள். 1996இல் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன் கைகளை முன்னால் நீட்டிப் படுத்த நிலையில் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். இது மனிதனின் சாதனையா இயந்திரத்தின் சாதனையா என்ற சந்தேகம் சர்வதேச சைக்கிள் சங்கத்துக்கே வந்தது. மெர்க்ஸ் ஓட்டியது போன்ற வளைந்த கைப்பிடி, கம்பிச் சக்கரம் கொண்ட வண்டிதான் இனி செல்லும் என்று விதித்தது. 2000இல் அதே போர்ட்மன் மான்செஸ்டரில் அந்த வண்டியில் ஏறினார். ஓட்டியது 49.441 கிலோமீட்டர்.

மெர்க்ஸைவிடப் பத்து மீட்டர் கூடுதல். இருபத்தெட்டு ஆண்டுகால விளையாட்டு அறிவியல், பயிற்சி, உணவுமுறை எல்லாம் சேர்ந்து பத்தே மீட்டர்! மெக்சிகோவின் மெல்லிய காற்று மெர்க்ஸுக்குத் துணை நின்றது என்பார்கள், நிற்கட்டும். ஒரே மனிதரின் இரு ஓட்டங்களுக்கு நடுவே காணாமல் போன ஏழு கிலோமீட்டர் யாருடையது என்று அவர்கள் முதலில் சொல்லட்டும்.

இன்னொன்று, ஓட்டிய நாட்கள். 2024இல் பொகாச்சார் 58 பந்தய நாட்களில் 25 வெற்றி பெற்றார். மெர்க்ஸ் 1971இல் 120 பந்தயங்களில் 54. நூற்றுக்கு எத்தனை என்று கணக்குப் போட்டால் இருவரும் அருகருகேதான் நிற்கிறார்கள். ஒருவர் இரு மடங்கு ஓட்டி அந்த விகிதத்தைக் காத்தார் என்பது மட்டும் வர்ணனையில் விடுபட்டுப்போகிறது.

பொகாச்சார்மீது இதில் எந்தக் குற்றமும் இல்லை. அவர் தன் வேலையைச் செய்கிறார். மெர்க்ஸைச் சின்னவராக்கித்தான் அவரைப் பெரியவராக்க வேண்டும் என்பவர்களிடம்தான் வழக்கு. அவர்கள் பார்வைக்கு: 2025 இறுதிவரை ஐந்து பெரும் ஒருநாள் பந்தயங்களில் பொகாச்சாரின் வெற்றிகள் 10, மெர்க்ஸின் வெற்றிகள் 19. அன்றுவரை பொகாச்சாருக்குக் கிட்டாத மிலான்–சான் ரெமோவை மெர்க்ஸ் ஏழு முறை வென்றிருக்கிறார்.