பிளக் கழற்றத் தெரியாத படிப்பாளிகள்

நான்கு பிளக் மாற்றுவதற்காகப் பழைய காரைக் கராஜுக்கு ஓட்டிச் செல்லும் படித்த தமிழரைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அனுதாபம் அல்லவா வரவேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். வருவதில்லை. நான் சொல்வது மொரிஸ் மைனர், ஒஸ்டின், எண்பதுகளின் கொரோலா டிஎக்ஸ் வேகன், சன்னி போன்ற வண்டிகளை. பொனட்டைத் தூக்கினால் பிளக்குகள் கண்ணுக்கு முன்னால் வரிசையாக நிற்கும். கை நுழைய இடமிருக்கும். நுழையாதது மனம்தான்.

கொழும்பில் இது சோம்பல். ஹல்துமுல்லையில் அது சோம்பலோடு நிற்பதில்லை. பெலிஹுல்ஓயாவிலிருந்து ஹல்துமுல்லை வழியாகப் பெரகலைக்கு ஏறும் ஏ-4 வீதி எப்படிப்பட்டது என்பது அதில் போனவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், பிற்பகலில் இறங்கும் மூடுபனி. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்த லயங்களை மண் மூடியதும் இதே பிரதேச செயலகப் பிரிவில்தான். இங்கே ஒரு தோட்டத்தில் இரவு பத்து மணிக்கு ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால், பெரகலை ஏறி, ஹப்புத்தளை தாண்டி, தியத்தலாவை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று சிலிண்டரில் இருமிக்கொண்டு ஏறும் காரில் அந்தப் பயணத்தை நினைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் எந்தக் கராஜும் திறந்திருக்காது.

மலைக்கென்று தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. ஹப்புத்தளை 1,400 மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரிசெய்த காபரேட்டர் மேலே வந்ததும் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலைக் கொடுக்கிறது. பிளக்கில் காய்ந்த கரி படிகிறது. கராஜ்காரர் அதைக் காட்டி, "பிளக் போய்விட்டது" என்கிறார். போனது பிளக் அன்று, கலவை. புதுப் பிளக் போட்டாலும் சில வாரங்களில் அதே கரிதான். பிளக்கைத் தானே கழற்றிப் பார்க்காத உரிமையாளருக்கு இது தெரிய வழியில்லை. அவர் மீண்டும் பணம் கொடுக்கிறார்.

இலங்கையில் மெக்கானிக்கைப் 'பாஸ்' என்பார்கள். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். எசமான் என்று பொருள். பொருத்தமான சொல்தான். நாமே நம்மை அடிமையாக்கிக்கொண்டால் எசமான் ஒருவர் தேவைப்படத்தான் செய்வார்.

மொரிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட கார். அதனுடன் வந்த கருவிப் பையிலேயே பிளக் ஸ்பானர் இருந்தது. பிளக்கைக் கழற்றுவது உரிமையாளரின் வேலை என்றே செய்தவர்கள் எண்ணினார்கள். நம் மலையகத்தில் அந்த ஸ்பானரைத் துரை தொடவில்லை. பெரும்பாலும் தொட்டவர் சாரதி. துரையின் காரைக் கழுவியதும், பிளக்கைத் துடைத்ததும், குளிர்காலையில் காரைக் கிளப்பியதும் அவர்தான். அந்தச் சாரதியின் அறிவை யாரும் எழுதி வைக்கவில்லை. துரை போனார். அவருடைய நாற்காலியில் ஏறிய நம்மவர்கள் துரையிடம் கற்றுக்கொண்டது, எண்ணெய்க் கையைத் தாழ்வாகப் பார்ப்பதை மட்டுமே. பேனா பிடித்த கை ஸ்பானர் பிடித்தால் குறைந்துவிடும் என்ற எண்ணத்துக்கு நம்மிடையே சாதியின் வாடையும் உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

1888 ஓகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குக் கணவரின் காரை ஓட்டிச் சென்றார். அடைபட்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தவர் அவரே. அவர் ஊசியை எடுத்தது யாருடைய அனுமதியோடும் அல்ல. ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பிறகும் நம் வீட்டுப் பெண்ணிடம், "பொனட்டைத் தொடாதே, கறை பிடிக்கும்" என்கிறோம்.

மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிலிருந்து பாவித்த வண்டியாக வந்த காரின் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும். பழைய பிரித்தானியக் காரின் கையேடு ஆங்கிலம். கராஜில் பேச்சு பெரும்பாலும் சிங்களம். பிளக்குக்குத் 'தீப்பொறிச் செருகி' என்று அழகான சொல் செய்து வைத்திருக்கிறோம். அதைச் சொல்லிப் பஞ்சிகாவத்தையில் ஒரு கடையிலும் வாங்க முடியாது. சொல்லைச் செய்தவர்கள் செருகியை எப்படிச் செருகுவது என்று எழுதவில்லை. நம் பத்திரிகைகளின் ஞாயிறு மலர்களில் கவிதைக்கு இடமுண்டு, இராசிபலனுக்கு இடமுண்டு. இதற்கு இல்லை.

ஆகவே எழுதுகிறேன். என்ஜின் முழுதாக ஆறியிருக்கட்டும். மேட்டுநிலத்தில் கைப்பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வயர்களை ஒவ்வொன்றாகவே கழற்றுங்கள். நான்கையும் ஒன்றாக உருவிவிட்டு எது எங்கே என்று திகைப்பது வழக்கமான விபத்து. இழுக்கும்போது வயரைப் பிடிக்காமல் நுனித் தொப்பியைப் பிடிக்க வேண்டும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைச் சைக்கிள் பம்பினால் ஊதிவிடுங்கள், இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் விழும். பழைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் 21 மி.மீ. சொக்கெட், பிந்தியவற்றுக்கு 16 மி.மீ.

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படியே ஒரு கடதாசியில் வையுங்கள். இந்த இடத்தில்தான் கராஜ் உங்களை ஏமாற்ற முடியாமற்போகிறது. நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் என்ஜின் நலம். நான்கும் காய்ந்த கரியாக இருந்தால் கலவையையோ சோக்கையோ பாருங்கள். ஒன்றில் மட்டும் எண்ணெய் ஈரம் இருந்தால் அந்தச் சிலிண்டரின் ரிங் அல்லது வால்வு வழிகாட்டி தேய்ந்திருக்கலாம். அதற்குப் பிளக் மருந்தாகாது. சுண்ணாம்பாய் வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அதிக சூடு: கலவை மெலிந்திருக்கலாம், தீப்பற்றும் நேரம் முந்தியிருக்கலாம், பிளக் இலக்கமே தவறாக இருக்கலாம்.

இலக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ந்த வகை. சம்பியன், பொஷ் பிளக்குகளில் எண் கூடினால் சூடான வகை. "அதே மாதிரிதான், கொண்டுபோங்கள்" என்று கடைக்காரர் வேறொரு பெயரில் எடுத்துத் தந்தால், ஒப்பீட்டு அட்டவணையைக் கேளுங்கள். மரையின் நீளமும் பழையதற்குச் சமமா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இடைவெளி அளக்கும் தகடு விலை அதிகமில்லை. மொரிஸ் மைனருக்கு 0.025 அங்குலம், அதாவது 0.6 மி.மீ. அளவு, மற்றவற்றுக்கு அந்தந்தக் காரின் அளவு. வளைக்க வேண்டியது பக்கவாட்டுக் காலை மட்டுமே, நடுக்கம்பியைத் தொடக்கூடாது. பூட்டும்போது முதற் சுற்றுகள் முழுவதும் விரலால்தான். விரல் எட்டாத குழியில் பிளக்கின் தலையில் ஒரு துண்டு இரப்பர் குழாயை மாட்டித் திருப்பலாம். மரை குறுக்கே ஏறினால் குழாய் வழுக்கி உங்களைக் காப்பாற்றும். விரலால் நின்ற பிறகு, வளையத்தோடு வரும் புதுப் பிளக்குக்கு அரைச் சுற்று. பாவித்த பிளக்கைத் திரும்பப் போட்டால் ஒரு சிறு அசைவு போதும்.

"அலுமினிய ஹெட்டின் மரையைக் கெடுத்துவிட்டால்?" என்று கேட்பார்கள். கெடும், நீண்ட பிடியோடு முதற் சுற்றிலேயே முறுக்கினால் கெடும். அவசரத்தில் அப்படிச் செய்ய வாய்ப்பு அதிகம் உள்ளவர் அன்று பத்து வண்டி பார்க்க வேண்டியவர்தான். ஞாயிறு காலையில் ஒரே வண்டியோடு நிற்கும் நீங்கள் அல்லர். பாஸின் வயிற்றில் அடிக்கலாமா என்பது இன்னொரு கேள்வி. நல்ல பாஸுக்கு வால்வு, ரிங், கியர்பெட்டி என்று வேலை குவிந்து கிடக்கிறது. எந்தச் சிலிண்டரில் எண்ணெய் என்று சொல்லிக்கொண்டு வருபவரை அவர் மதிப்பார்.

"மின்கார் வந்துவிட்டது, இனிப் பிளக் எதற்கு?" என்பவர்களுக்கு மறதி அதிகம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது; அதுவும் தலை சுற்றும் வரியோடு. இடைப்பட்ட ஐந்து ஆண்டும் இந்நாட்டைச் சுமந்தவை பழைய வண்டிகள். 2022 ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. பிறகு வந்த கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர். நான்கில் ஒரு சிலிண்டர் பற்றாவிட்டால் அது உறிஞ்சும் கால் பங்கு எரியாமலே புகைக்குழாயில் போகிறது. வரிசையில் இரவெல்லாம் நின்று பெற்ற 20 லீற்றரில் 5 லீற்றரைக் காற்றில் விட்டவர்கள் எத்தனை பேர்!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இன்றைய கார்களில் சிலவற்றில் பிளக்குகள் காற்றுக்குழாய்த் தொகுதிக்கு அடியில் புதைந்திருக்கும். அவற்றின் இரிடியம் பிளக் ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீற்றர் ஓடும். அவற்றைத் தெரிந்தவரிடமே விடுங்கள்.

ஆனால் முச்சக்கரவண்டி ஓட்டும் லயத்துப் பையனைப் பாருங்கள். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் இறக்குமதி 2008இல் நிற்கும்வரை, எண்ணெய் குடித்துக் கறுத்த பிளக்கை வீதியோரத்திலேயே கழற்றித் துடைத்துப் பூட்டிப் பழகிய தலைமுறையின் தம்பி அவன். அவனுக்குக் கையேடு எந்த மொழியிலும் கிடைக்கவில்லை. இருக்கைக்கு அடியில் எப்போதும் ஒரு மாற்றுப் பிளக் வைத்திருப்பான். பட்டம் பெற்ற நம்மவரின் டிக்கியில் குடை இருக்கிறது, தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது. 21 மி.மீ. சொக்கெட்டும், கழற்றியவற்றில் நல்லதாக இரண்டு பழைய பிளக்கும், ஒரு கைவிளக்கும் வைக்க அங்கே இன்னும் இடமிருக்கிறது.