தோசைக்கல்லும் ஒரு சுடுசொல்லும்

நம் இல்லங்களிலே நாள்தோறும் உழைக்கும் பொருள்களுட் சில, தமக்கு ஏதேனும் தீங்கு நேர்ந்தபோதுதான் நம் கண்ணிற் படுகின்றன. அண்மையில் எங்கள் வீட்டுத் தோசைக்கல்லுக்கு அத்தகைய ஒரு தீங்கு நேர்ந்தது.

அது என் தாயார் திருமணமானபோது தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த வார்ப்பிரும்புக் கல். பதினான்கு வயதுடைய என் மகள், அப்பம்மாவுக்கு உதவும் நல்லெண்ணத்தோடு, இரவு தோசை சுட்டு முடிந்ததும் அதனைச் சவர்க்காரம் இட்டுத் தேய்த்து, நீர் நிறைந்த வாளியிலே ஊறவைத்துவிட்டு உறங்கச் சென்றாள். விடியற்காலையில் எடுத்துப் பார்த்தால், கல்லின் கருமை ஆங்காங்கே கலைந்து, செம்மண் பூசினாற்போலக் கறள் படர்ந்திருந்தது. நான் சினங்கொண்டு, "ஐம்பது வருடப் பொருளை ஓர் இரவிலே அழித்துவிட்டாயே!" என்று கடிந்தேன். அவள் கண்கலங்கி அப்பாற் சென்றாள். தாயாரோ, "பிள்ளையை ஏசாதை தம்பி. இரும்புதானே, திரும்பி வரும்" என்றார்.

அவர் அதனை வெறும் ஆறுதலாகச் சொல்லவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒருங்கே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, நாங்களும் கைக்ககப்பட்டவற்றோடு புறப்பட்டோம். பாரமான கல் அடுக்களையிலேயே தங்கிவிட்டது. மறு ஆண்டு சித்திரைக்குப் பின் மீண்டு வந்தபோது, கூரை இடிந்த அடுக்களையிலே மாரி முழுவதும் நனைந்து, அது கறள் மூடிக் கிடந்தது. "இனி இது உதவாது" என்றனர் அயலார். தாயார் மறுமொழி கூறவில்லை. மூன்று நாள் பாடுபட்டார். நான்காம் நாள் அதே கல்லிலே எங்களுக்குத் தோசை சுட்டுத் தந்தார்.

அன்று அவர் செய்ததையே அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை என் மகளும் நானும் செய்தோம். முதலிற் பழப்புளி கரைத்த நீரைப் பூசிச் சிறிது நேரம் விட்டு, மெல்லிய மணலும் தேங்காய்த் தும்பும் கொண்டு கறள் நீங்கத் தேய்த்தோம். புளியின் அமிலம் கறளை இளக்கும். நெடுநேரம் விட்டால் இரும்பையும் அரிக்கும். பின்பு கழுவி, அடுப்பிலே இளஞ்சூட்டில் ஈரம் அறவே போகும்வரை உலர்த்தினோம். அதன்மேல் நல்லெண்ணெயை மிக மெல்லியதாகப் பூசி, துணியால் மீண்டும் துடைத்து, புகை எழுந்து அடங்கும்வரை சூடேற்றி ஆறவிட்டோம். இவ்வாறு ஐந்து முறை செய்தோம்.

எண்ணெய் இங்கே செய்யும் தொழில் யாது? சூட்டிலே அதன் மூலக்கூறுகள் காற்றின் ஒட்சிசனோடு கூடி, ஒன்றோடொன்று பிணைந்து, கடினமான கரும்படலமாகி இரும்பைப் பற்றிக்கொள்கின்றன. கறளைத் தடுப்பதும் மா ஒட்டாமற் காப்பதும் இப்படலமே. எண்ணெய் மிகுந்தாற் படலம் இறுகாது, பிசுபிசுப்பே எஞ்சும்.

நாளாந்தப் பராமரிப்பு எளிது. வார்ப்பிரும்பு அலுமினியத்தைப்போல் வெப்பத்தை விரைவாகப் பரப்புவதில்லை. ஆதலால் மெல்லிய தணலிற் பொறுமையாகச் சூடேற்ற வேண்டும். ஏறிய சூட்டை அது எளிதில் இழப்பதுமில்லை. குளிர்ந்த மா விழுந்தும் தோசை பொன்னிறமாவது அதனாலேதான். காய்ந்த கல்லிலே தண்ணீரைக் கொட்டுதல் ஆகாது. வார்ப்பிரும்பிலே நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேற்பட்ட காபன் கலந்திருப்பதால் அது நொறுங்கும் இயல்பினது. திடீரெனக் குளிர்ந்தால் வெடிக்கலாம். புளிக்கறி, தக்காளிக் குழம்பு முதலியவற்றை அதிற் கொதிக்கவிடலாகாது. வேலை முடிந்ததும் வெந்நீரும் தும்பும் கொண்டு கழுவி, உடனே அடுப்பில் உலர்த்தி, ஒரு துளி எண்ணெய் தடவி வைத்தல் போதும்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நன்கு படிந்த படலத்தைச் சிறிதளவு சவர்க்காரம் கெடுத்துவிடாது. கேடு விளைத்தது இரவு முழுவதும் ஊறவைத்ததே. அதனை என் மகளுக்கு ஒருவரும் முன்னர் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்லூரியிலே பிறர் பிள்ளைகளுக்கு இரும்பு கறளாகும் விதத்தைப் பல வருடமாகக் கற்பித்துவரும் நான், என் வீட்டுப் பிள்ளைக்கு அதனைச் சொல்ல மறந்தேன். ஏசுவதற்கு மாத்திரம் மறக்கவில்லை.

அன்று மாலை முதலாவது தோசை ஒட்டிக்கொண்டது. இரண்டாவது பாதி பிய்ந்தது. மூன்றாவதை மகள் தட்டகப்பையால் முழுதாக எடுத்து என் தட்டில் இட்டாள். அப்பம்மா சிரித்தார். கல்லுக்கு ஐந்து முறை எண்ணெய் பூசினோம். மகளிடம் நான் ஒரு முறைதான் மன்னிப்புக் கேட்டேன். அது போதுமா என்பதை அவளே அறிவாள்.