பரோட்டாக் கல் மீம் போட்ட நம்ம ஆட்களுக்கு...

தோழர்களே, இந்தப் பதிவு எதிரணிக்கு இல்லை. நமக்குத்தான். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க, திட்டணும்னா கடைசியில் திட்டுங்க.

போன வாரம் எதிர்க்கட்சி ஐ.டி. விங்கில் இருக்கிற ஒரு பையன், மாநிலத்தின் கடன் பற்றி ஒரு வீடியோ போட்டான். அவன் சொன்னதில் பாதி தப்பு. பதில் சொல்ல நம்மகிட்ட ஆதாரம் இருந்தது. பட்ஜெட் புத்தகத்தில் இருந்து ரெண்டு பக்கத்தை எடுத்துப் போட்டிருந்தாலே போதும். ஆனா நம்ம ஆட்கள் என்ன பண்ணாங்க? அவன் ப்ரொஃபைலைத் தோண்டி, கேட்டரிங் காலேஜ்ல படிச்சவன்னு கண்டுபிடிச்சு, பரோட்டாக் கல் படம் ஒண்ணு வெச்சு, "போய் மாவு பிசைடா, பட்ஜெட் உனக்கெதுக்கு"ன்னு மீம் போட்டாங்க. ஆயிரத்துக்கு மேல லைக். அதுல ஒண்ணு என்னோடது.

அன்னைக்கு ராத்திரி ஒரு மணிக்கு என் சித்தி பையன் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அந்த மீம், அதுக்குக் கீழே என் பேர். "அண்ணே, நீயுமா?" அவ்வளவுதான் எழுதியிருந்தான். அவன் கேட்டரிங் படிச்சவன். சென்னையில் ஒரு பெரிய ஹோட்டல் கிச்சனில் கமியா இருக்கான். கமின்னா செஃப் வரிசையில் கடைசிப் படி. ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்கு நடந்து போற நேரத்தில் அனுப்பியிருக்கான்.

என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம மூணு நாள் இருந்தேன். அதுக்கப்புறம் எழுதினதுதான் இது.

முதல்ல நம்ம வரலாறு. நாமதான் மேடைக்கு மேடை சொல்றோமே, அதையே எடுப்போம். ரயில்வே உணவகங்களில் பிராமணருக்குத் தனி இடம், மத்தவங்களுக்குத் தனி இடம்னு இருந்ததை எதிர்த்துப் போராடி 1941ல் ஒழிச்சது இந்த மண். 1957ல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் "பிராமணாள்" போர்டை எடுக்கச் சொல்லி பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நடந்து, நூற்றுக்கணக்கானவங்க கைதானாங்க. ஹோட்டல் போர்டில் ஒரு சொல்லுக்கு ஏன் அவ்வளவு போராட்டம்? யார் சமைக்கலாம், யார் கை பட்டதை யார் சாப்பிடலாம் என்பதில்தான் இங்கே சாதி உட்கார்ந்திருக்கு. அது பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2018ல் திருப்பூர் மாவட்டம் அவினாசி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில், பட்டியலினப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாதுன்னு சில பெற்றோர் சண்டை போட்டாங்க. அவரை இடம் மாற்றினாங்க. போராட்டம் வெடிச்ச பிறகுதான் அந்த உத்தரவு ரத்தாச்சு.

இதையெல்லாம் போஸ்டர் அடிச்சு ஒட்டுற நாமளே, ஒருத்தனை மட்டம் தட்டணும்னா "பரோட்டா மாஸ்டர்"னு கூப்பிடுறோம். டிவியில் தாமு சாரும் வெங்கடேஷ் பட் சாரும் கரண்டி பிடிச்சா குடும்பத்தோட உட்கார்ந்து கைதட்டுறோம். கல்லு முன்னாடி நிக்கிறவனைப் பார்த்தா மட்டும் சிரிப்பு வருது. அடுப்பு ஒண்ணுதானே?

இன்னொண்ணும் சொல்லிடுறேன். நான் மெக்கானிக்கல். நாலு வருஷப் படிப்பு, பதினோரு அரியர், இப்ப ஒரு கம்பெனியில் கம்ப்ளைன்ட் டிக்கெட்டை மூடுற வேலை. கல்யாண வீட்டில் என் அம்மா "பையன் இன்ஜினியர்"னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும். சித்தி மட்டும் "அவன் ஹோட்டல் லைன்ல இருக்கான்"னு சொல்லிட்டுப் பேச்சை மாத்திடுவாங்க. ஆனா எங்க ரெண்டு பேர்ல படிச்ச படிப்பைத் தினமும் வேலையில் பயன்படுத்துறது அவன்தான். என் காலேஜுக்கு அனுமதி கொடுக்கிற அதே ஏ.ஐ.சி.டி.இ.தான் ஹோட்டல் மேனேஜ்மென்ட் அண்ட் கேட்டரிங் டெக்னாலஜியையும் தொழில்நுட்பக் கல்வியில் சேர்த்து அனுமதி கொடுக்குதுன்னு இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்படி என்ன படிக்கிறாங்க? நான் அவன்கிட்டயே கேட்டேன். உணவுத் தயாரிப்பு, பரிமாறுதல், ஃப்ரண்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங், இந்த நாலும் தூண். கூடவே கணக்கு, உணவுப் பாதுகாப்பு, சட்டம். ஒரு கிலோ மீன் வாங்கினா தலை, முள், தோல் போக எவ்வளவு சதை நிக்கும், அந்த இழப்பைச் சேர்த்து ஒரு தட்டுக்கு அடக்க விலை எவ்வளவு, அதை எத்தனை ரூபாய்க்கு வித்தா வாடகையும் கேஸும் சம்பளமும் போக மிஞ்சும்னு இரண்டாம் வருஷப் பையன் காகிதத்தில் போட்டுக் காட்டணும். பட்ஜெட் அவனுக்கு எதுக்குன்னு கேட்டோமே, அவன் படிப்பில் பாதி பட்ஜெட்தான்.

ஒரே ஒரு உதாரணம் விரிவா சொல்றேன். 300 பேருக்கு வடிச்ச சோறு, ஒரு அண்டா மிஞ்சிடுச்சு. நம்ம வீட்டு வழக்கம் என்ன? மூடி ஓரமா வெச்சுட்டு காலையில் பார்த்துக்கலாம். அவனுக்குச் சொல்லித் தந்தது வேற. சூடான சாப்பாட்டை 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள இறக்கணும். அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நாலு மணி நேரத்துக்குள்ள இறக்கணும். ஏன்னா அரிசியில் பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமியின் விதை இருக்கு. அது கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுன்னு கிடக்கும்போது முளைச்சுப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. அதனால அண்டாவோட ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. நடுவில் இருக்கிற சோறு மணிக்கணக்கில் சூடு குறையாது. அகலமான தட்டுகளில் மெல்லிசா பரப்பி ஆற வைக்கணும். பரப்பளவு கூடினா வெப்பம் வேகமா வெளியேறும். இதுக்குப் பேர் ஹீட் டிரான்ஸ்ஃபர். என் பதினோரு அரியரில் அதுவும் ஒண்ணு. அவன் அண்டாவை வெச்சு எனக்கு விளக்கினப்பதான் புரிஞ்சது.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயசுப் பொண்ணு இறந்துபோச்சே, ஞாபகம் இருக்கா? ஒரு வாரம் டிவியில் ஓடுச்சு, கடைகளில் ரெய்டு நடந்துச்சு, அப்புறம் மறந்துட்டோம். இறைச்சியை எந்தச் சூட்டில் வைக்கணும், எவ்வளவு நேரம் வைக்கலாம்னு கத்துக்கொடுக்கிறதுக்குத்தான் இந்தப் படிப்பு. இதைப் படிச்சவனைப் பார்த்துத்தான் நாம சிரிச்சோம்.

சரி, படிப்பு நல்ல படிப்பு. அப்போ அதைப் படிக்கிற பசங்க நல்லா இருக்காங்களா? இல்லை. அங்கதான் எனக்குக் கோபம்.

இந்தப் படிப்பில் இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங் கட்டாயம். சில மாதம் ஹோட்டலில் போய் வேலை கத்துக்கணும். என் தம்பி அஞ்சு மாதம் போனான். ஹோட்டல் பேர் வேண்டாம். காலையில் பத்து மணிக்குப் போவான், மூணு மணிக்கு விடுவாங்க, ஆறு மணிக்குத் திரும்பப் போனா ராத்திரி பன்னெண்டு. இதுக்கு பிரேக் ஷிஃப்ட்னு பேர். நடுவில் இருக்கிற மூணு மணி நேரத்தில் ரூமுக்குப் போய் வரவே ஒன்றரை மணி நேரம் போயிடும். முதல் மாதம் முழுக்க வெங்காயம் உரிச்சான். ரெண்டாவது மாதம் பாத்திரம். கல்யாண சீசனில் பாங்க்வெட் ஹாலில் நாற்காலி தூக்கினான். பணம்? ஒரு ரூபாய் இல்லை. டியூட்டி மீல்ஸ் மட்டும். ரூம் வாடகை சித்தப்பா அனுப்பினது. அந்த அஞ்சு மாதத்துக்கும் சேர்த்து காலேஜ் ஃபீஸும் கட்டினாங்க. அதாவது காசு கொடுத்து வேலை செஞ்சிருக்கான்.

கேட்டா, "கத்துக்க வந்தவன்தானே, சமையல்காரன்னா அப்படித்தான் இருக்கும்"னு பதில். இந்தத் தொழில் கேவலம்னு ஊரே நினைக்கும்போது, இவனுக்கு எதுக்குக் காசுன்னு ஹோட்டல் நினைக்கிறதில் என்ன ஆச்சரியம்? நாம போட்ட மீமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

சட்டமே இல்லையா? இருக்கு. ஹோட்டல் தொழிலாளியின் வேலை நேரம், ஓய்வு, வார விடுமுறைக்கென்றே 1958ல் இந்த மாநிலம் தனியா கேட்டரிங் நிறுவனங்கள் சட்டம் போட்டது. 1961ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம் இருக்கு. 2019ல் திருத்தின விதிகளில், படிப்பைப் பொறுத்து மாதம் குறைஞ்சபட்சம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை உதவித்தொகை தரணும்னு எழுதியிருக்கு. 30 பேருக்கு மேல வேலை செய்யிற இடங்கள் அப்ரண்டிஸ் எடுத்தே ஆகணும்னும் இருக்கு. ஆனா காலேஜ் அனுப்புற டிரெய்னிங் பசங்களுக்கு அப்ரண்டிஸ் ஒப்பந்தமே போடுறதில்லை. மாணவன் என்பதால் அவன் தொழிலாளி இல்லை, ஒப்பந்தம் இல்லாததால் அப்ரண்டிஸும் இல்லை. ரெண்டுக்கும் நடுவில் விழுந்து கிடக்கான். நம்ம தொழிற்சங்க அணி இதைப் பேசி நான் ஒரு தடவைகூட கேட்டதில்லை. தப்பா நினைக்காதீங்க அண்ணன்மாரே, உண்மையைத்தான் சொல்றேன்.

அடுத்தது நுழைவுத் தேர்வு. இதுலயாவது நாம உடனே குரல் கொடுப்போம்னு நம்புறேன். தரமணியில் ஒன்றிய அரசின் ஐ.எச்.எம். இருக்கு. ஓட்டல் மேலாண்மைக்கு நம்ம ஊரில் இருக்கிற பெரிய அரசு நிறுவனம் அது. அங்கே பட்டப்படிப்பில் சேர தேசிய அளவில் ஒரு தேர்வு எழுதணும், என்.டி.ஏ. நடத்துது. கேள்வித்தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும். நீட் தேர்வையே தமிழ் உட்பட 13 மொழியில் நடத்தும்போது, சமையலும் விருந்தோம்பலும் படிக்கப் போற பிள்ளைக்கு மட்டும் தமிழில் கேள்வி கொடுக்க முடியாதாம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிச்ச பிள்ளை என்ன பண்ணும்? தேர்வே எழுதாம, பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கிற "100 சதவீத வேலை, கப்பலில் லட்சத்தில் சம்பளம்" போஸ்டரைப் பார்த்துட்டு ரெண்டு ரூம் மாடிக் காலேஜில் போய்ச் சேரும்.

அதனால இந்தப் பதிவைப் படிக்கிற பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் அவங்க அப்பா அம்மாவுக்கும் சில விஷயம், அவசரமா சொல்லிடுறேன். தனியார் காலேஜில் சேரும் முன்னாடி அங்கே டிரெய்னிங் கிச்சன் இருக்கான்னு போய்ப் பாருங்க. எத்தனை அடுப்பு, எத்தனை பேருக்கு ஒரு அடுப்புன்னு எண்ணுங்க. பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்துடையது, டிரெய்னிங்குக்கு எங்கே அனுப்புவாங்க, உதவித்தொகை உண்டான்னு எழுத்தில் கேளுங்க. போன வருஷம் முடிச்ச பையன் ஒருத்தன்கிட்ட பேசாம ஃபீஸ் கட்டாதீங்க. திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் ஓட்டல் மேலாண்மை நிறுவனம் இருக்கு, முதல்ல அங்கே விசாரிங்க. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளைத் தாட்கோ தன் செலவில் தரமணி ஐ.எச்.எம்.மில் படிக்க வைக்கிற திட்டம் இருக்கு. மாவட்ட தாட்கோ அலுவலகத்தில் கேளுங்க. ஐ.டி.ஐ.யிலேயே உணவுத் தயாரிப்புன்னு ஒரு வருஷப் பிரிவும் உண்டு. கப்பல் வேலைன்னா, கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் உள்ள ஏஜென்ட் மூலமா மட்டும் போங்க. வேலை வாங்கித் தர கப்பல் தொழிலாளிகிட்ட அவங்க பணம் வாங்கக் கூடாதுங்கிறதுதான் விதி. "முதல்ல ரெண்டு லட்சம் கட்டு"ன்னு எவனாவது சொன்னா, அவன் ஏஜென்ட் இல்லை.

இப்ப நம்ம வேலைக்கு வர்றேன். அந்த மீமை நம்ம பக்கத்து ஆட்கள் யார் யார் ஷேர் பண்ணியிருக்கீங்களோ, எடுத்துடுங்க. என் லைக்கை நான் எடுத்துட்டேன். அந்தப் பையன் வீடியோவுக்கு உண்மையான பதில் நாளைக்கு வரும், எண்களோட. அதுக்கு வேணா ஆயிரம் ஷேர் போடுங்க.

மாணவர் அணி, தொழிற்சங்க அணி நண்பர்களே, உங்க மாவட்டத்தில் கேட்டரிங் படிக்கிற பசங்களைத் தேடிப் பேசுங்க. எத்தனை மணி நேரம், எவ்வளவு உதவித்தொகை, தங்குற இடம் உண்டா, பொண்ணுங்க ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சா எப்படி வீட்டுக்குப் போறாங்க. பேர் வேண்டாம், விவரம் போதும். இன்பாக்ஸில் அனுப்புங்க, நான் தொகுக்கிறேன். டிரெய்னிங்குக்கு வர்ற ஒவ்வொரு மாணவனுக்கும் அப்ரண்டிஸ் ஒப்பந்தமும் உதவித்தொகையும் கட்டாயம், நுழைவுத் தேர்வு தமிழிலும் வேணும். இந்த ரெண்டையும் கோரிக்கையா எழுதித் தலைமைக்குக் கொடுக்கப் போறேன். அடுத்த தேர்தல் அறிக்கையில் ரெண்டு வரி வந்தாலும் போதும்.

போஸ்ட் போடுறதுக்கு முன்னாடி இதைத் தம்பிக்கு அனுப்பினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னான். "அண்ணே, பரோட்டா வீசுறதை எந்த காலேஜ்லயும் சொல்லித் தரல. நான் லீவுல நம்ம ஊரு முக்குக் கடை மாஸ்டர்கிட்ட நின்னு கத்துக்கிட்டேன். ஒழுங்கா விரிய ரெண்டு மாசம் ஆச்சு. அதையும் போடு."

போட்டுட்டேன்டா.

- தகவல் தொழில்நுட்ப அணி தன்னார்வலர்